சிப்பிப்பாறைக் குட்டியைக் குடும்ப வீட்டில் வளர்க்கும் முறை

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல்காட்டு விவசாயிகளுக்குச் சிப்பிப்பாறை நாயை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், சாட்டை போன்ற வால், தோலோடு ஒட்டிய குட்டை மயிர் ஆகியவற்றைக் கொண்டு தொலைவிலிருந்தே அதனை இனம் கண்டுகொள்ளலாம். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ள சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரே இந்த இனத்திற்கு வழங்கி வருகிறது. கரிய உடலும் பழுப்புக் கால்களும் கொண்ட கன்னி நாய் இதற்கு நெருங்கிய உறவாகும். வெண்ணிற இராசபாளையம் சற்றுப் பெரிய உடற்கட்டு உடையது.

2020ஆம் ஆண்டில், கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகம் இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் கர்நாடகத்தின் முதோல் நாயையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதமரும் தம் வானொலி உரையில் நம் நாட்டு நாய் இனங்களைப் பற்றிப் பேசினார். இதனால் இவ்வினங்களின் பெயர் வெளியூர்களிலும் பரவியது. நாய் வளர்த்துப் பழக்கமில்லாத குடும்பங்களும் இன்று இக்குட்டிகளை விரும்பி வாங்குகின்றன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஆசையோடு வாங்கிய குட்டி ஓராண்டு கழிந்ததும் வேப்பமரத்தடியில் சங்கிலியோடு சங்கிலியாகக் கிடப்பதையும் பல வீடுகளில் காண்கிறோம். பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டது, பேரனைக் கவ்வ வந்தது, தீபாவளி இரவில் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்பனவே இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இக்குற்றங்களில் பெரும்பாலானவை நாயின் பிறவிக் குணத்தால் வருபவை என்று கருதுவது சரியன்று. குட்டி நான்கு மாதம் ஆவதற்குள் செய்யத் தவறிய சில சிறு வேலைகளே பின்னர் இவ்வாறு பெரிதாகின்றன.

பழைய முறையும் இன்றைய தேவையும்

முற்காலத்தில் இந்நாய் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டது. பகல் முழுவதும் கட்டிப் போடுவார்கள். ஒருவர் கையால்தான் சோறு. பிறர் தொடவிடமாட்டார்கள். ஓட்டமும் ஒருவருக்கு அடங்கும் குணமும் வேண்டியிருந்த காலத்தில் அம்முறை அவர்கள் நோக்கத்திற்குப் பொருந்தியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு நாயை ஏவி முயல் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். மயிலைத் துரத்தவிட்டாலும் அப்படியே. இன்று இந்நாய் செய்ய வேண்டிய வேலை வீட்டுக் காவலும் குடும்பத்தாரோடு கூடி வாழ்வதும்தான். அவ்வீட்டில் குழந்தைகள் உண்டு, ஆடு, கோழி உண்டு, உறவினர் வருவார்கள், தெருவில் வெடி வெடிக்கும். வேலை மாறியபின் வளர்ப்பு முறை மட்டும் மாறாமல் இருக்க முடியாது.

எந்த வயதில் கொண்டுவருவது?

கண் திறந்து நன்றாக நடக்கத் தொடங்கியதும், 30 நாளிலேயே குட்டியைத் தூக்கிவரும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இது தவறு. எட்டு வாரம் வரை குட்டி தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டும். விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக்கொண்டு விலகிவிடும்; தாயும் உறுமி அடக்கும். எவ்வளவு கவ்வலாம் என்ற அளவை குட்டி கற்பது இவ்வாறுதான். இதனைக் கற்காமல் வந்த குட்டிக்கு நம் பிள்ளைகளின் கைகளே பாடப் புத்தகமாகிவிடுகின்றன!

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தாயைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். புதியவரைக் கண்டதும் தாய் மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, காரணமின்றிப் பாய்ந்தாலோ அந்த ஈற்றை விட்டுவிடுதல் நலம். அச்சம் ஓரளவு பிறப்பிலேயே வருவதோடு, தாயைப் பார்த்தும் குட்டிகள் கற்றுக்கொள்கின்றன. வெள்ளை நிற இராசபாளையம் குட்டி வாங்குவோர் செவித்திறனையும் சோதிக்க வேண்டும். நிறமிச் செல்கள் இன்மையால் உட்செவி கெட்டுச் செவிடாகப் பிறக்கும் குட்டிகள் வெண்ணிற இனங்களில் உண்டு. குட்டி தூங்கும்போது அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கையைத் தட்டிப் பார்க்கவும். தரையை உதைத்தால் அதிர்வினாலேயே விழித்துக்கொள்ளும் என்பதால் அது சோதனையாகாது. செவிட்டுக் குட்டியைக் கைச் சைகையால் பழக்கலாம். ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கி அடங்காத நாய் என்று அடிப்பது வேறு.

அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12 வாரம் வரையிலான காலத்தில் குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிப் பழகுகிறதோ, அவற்றை வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவ்வாராய்ச்சியின் முக்கிய முடிவாகும். எட்டாம் வாரத்தில் குட்டி நம் வீட்டுக்கு வந்தால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மாதமே. நெல் நாற்றுக்குப் பருவம் தப்பினால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் வாரம்

புதிய குட்டியை மோட்டார் அறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ தனியே அடைக்க வேண்டாம். வீட்டுக்குள், ஆள் படுக்கும் இடத்திற்கு அருகே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தாயிடமிருந்து எடுத்துவந்த பழந்துணி ஒன்றையும் அதில் வைக்கவும். முதல் இரண்டு மூன்று இரவுகள் அழும். அருகில் ஆள் இருப்பது தெரிந்தால் விரைவில் அடங்கிவிடும்.

வெளிக்குப் போகப் பழக்குவதற்கு அடியும் திட்டும் தேவையில்லை. நேரம் பார்க்கும் பொறுமை போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி நின்றதும் குட்டியைக் கொல்லைப்புறத்தில் ஒரே இடத்திற்கு எடுத்துச் செல்லவும். அங்கு இருந்து முடித்த உடனே ஒரு துணுக்குத் தின்பண்டம் கொடுத்துத் தட்டிக் கொடுக்கவும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்திற்குமேல் அடக்க முடியாது. வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது நம் ஊர்களில் உள்ள பழக்கம். அதனால் குட்டி கற்பது ஒன்றே: ஆள் பார்க்கும்போது இருக்கக்கூடாது. பிறகு அது பத்தாயத்தின் பின்னால் போய் ஒளிந்து இருக்கும்.

உணவு

மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை என்பது பொதுவான கணக்கு. கம்பங்கூழும் கேப்பைக் கூழும் மட்டுமே ஊற்றி வளர்த்த குட்டிகளுக்குக் கால் வளைவதுண்டு. வளரும் குட்டிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். குழைந்த சோறு அல்லது கம்மஞ்சோற்றுடன் அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, முள் நீக்கிய மீன், வேகவைத்த பருப்பு, கேரட் ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்க்கலாம். வெந்த எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பசும்பால் சில குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாமாக வாங்கி ஊற்றாமல் மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கவும். அது மிகுந்தாலும் எலும்பு கெடும்.

வளர்ந்த சிப்பிப்பாறைக்குக் கடைசி விலா எலும்புகள் சில வெளியே தெரிவது இயல்பு. பட்டினி போடுகிறார்கள் என்று விருந்தாளி சொல்வதைக் கேட்டுக் கொழுக்க வைக்க வேண்டாம்.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் தர வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, 16 வாரம் முடிந்தபின் ஒரு முறையாவது போட்டிருக்க வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதால்தான் பல குட்டிகள் இரத்தக் கழிச்சலில் இறக்கின்றன. அந்நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். முன்பு ஒரு குட்டி இவ்வாறு இறந்த வீட்டுக்கு, தடுப்பூசி முடியாத புதுக்குட்டியைக் கொண்டுவருவது கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும்.

தடுப்பூசி முடியும் வரை வெளியே விடாதே என்பதும், 12 வாரத்திற்குள் உலகத்தைக் காட்டு என்பதும் முரணாகத் தோன்றலாம். இதற்கு எளிய வழி உண்டு. குட்டியை இடுப்பிலோ கூடையிலோ தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், தெருமண்ணில் இறக்கிவிடாதீர்கள். பேருந்து நிறுத்தம், பள்ளி விடும் நேரம், டிராக்டர், தாடி வைத்தவர், தலையில் சுமையோடு வருபவர், குடை பிடித்தவர் என்று நாளுக்கு ஒன்று இரண்டு போதும்.

வெடிச் சத்தம்

மற்ற மாவட்டத்தார் ஆண்டில் ஒரு வாரம் கவலைப்படும் இச்செய்தி, சிவகாசி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் உள்ளது. திருவிழா, கல்யாணம், இறப்பு வீடு எதுவானாலும் இங்கு வெடி உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரைதான் உணரும். நாயின் செவி 45,000 வரை உணர வல்லது. சாத்தூர் அருகிலுள்ள அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையில் நேர்ந்த பெரும் விபத்தை அறிந்தவர்களுக்கு, எதிர்பாராத ஓர் ஓசை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரணம் அறிந்த மனிதரே கலங்கும்போது, காரணம் அறியாத குட்டியை எள்ளி நகையாட இடமில்லை.

பழக்கினால் தெளியும் என்று எண்ணிக் குட்டியின் அருகே ஊசி வெடியைக் கொளுத்திப் போடும் இளைஞர்கள் உள்ளனர். இதனைவிடக் கேடான செயல் வேறில்லை. ஒரே நாளில் உண்டாகும் அச்சத்தை நீக்கப் பல மாதங்கள் ஆகும். சில நாய்களுக்கு நீங்குவதே இல்லை.

சரியான முறை இதுதான். குட்டி சோறு தின்னும் நேரத்தில், அடுத்த அறையில் ஒரு தட்டை மெதுவாகத் தட்டச் செய்யவும். குட்டி காதை அசைத்துவிட்டுத் தொடர்ந்து தின்றால் அளவு சரி. தின்பதை நிறுத்தினால் அளவு மிகுந்துவிட்டது. சில நாள் கழித்துக் கைப்பேசியில் வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாததுமான அளவில் சோற்று வேளையில் ஒலிக்கவிடவும். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக ஒலியைக் கூட்டலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். தொலைவில் உண்மையான வெடி கேட்கும்போதெல்லாம் உடனே ஒரு துண்டு முட்டையைக் கொடுப்பதும் நல்ல உபாயம். வெடி என்றால் முட்டை என்று குட்டி முடிவு செய்துகொள்ளும்.

வாலை அடிவயிற்றோடு ஒட்டுதல், வெயிலின்றி மூச்சிரைத்தல், உதட்டை நக்குதல், எச்சில் ஒழுகுதல் ஆகியன அச்சத்தின் அடையாளங்கள். அந்நேரத்தில் குட்டி கட்டிலுக்கு அடியில் போனால் வெளியே இழுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் பயந்த குணம் வளரும் என்பது தவறான எண்ணம். அச்சம் செல்லம் கொடுப்பதால் வளர்வதில்லை.

தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், மாலை 7 முதல் 8 மணி வரையும் வெடிக்க நேரம் குறிக்கப்பட்டு வருகிறது. இந்நேரங்களுக்கு முன்பே நாயை வெளியே அழைத்துச் சென்று, சோறு போட்டு, உள் அறையில் விட்டுக் கதவு சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடவும். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். இவ்வினம் மிரண்டு ஓடத் தொடங்கினால் சில நிமிடங்களில் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டிவிடும். மிகவும் அஞ்சும் நாய்க்கு மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கலாம். மனிதருக்குரிய தூக்க மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து.

துரத்தும் குணம்

மோப்பம் பிடித்துத் தேடும் நாய் வேறு, கண்ணால் கண்டு துரத்தும் நாய் வேறு. சிப்பிப்பாறை இரண்டாம் வகை. ஓடுவது எதுவானாலும் அதன் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். கோழியைக் கொன்ற நாயின் கழுத்தில் செத்த கோழியைக் கட்டித் தொங்கவிடுவதால் பயன் ஏதும் இல்லை, நாற்றம்தான் மிச்சம்.

குட்டி சிறிதாக இருக்கும்போதே, மெல்லிய கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிகள் மேயும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்காரவும். குட்டி கோழியை உற்று நோக்கும். பெயர் சொல்லி அழைக்கவும். தலையை நம் பக்கம் திருப்பிய அந்தக் கணத்திலேயே அவித்த கோழித் துணுக்கு ஒன்றைக் கொடுக்கவும். சில நாட்களில் கோழியைக் கண்டதும் தானாகவே நம் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகே இரண்டடி நெருங்கலாம். ஆட்டுக்குட்டிக்கும் இதே முறைதான். எவ்வளவு பழகினாலும் ஆள் இல்லாதபோது கோழிக் கூட்டோடு நாயைத் தனியே விட வேண்டாம்.

அழைத்தால் வருவது எல்லாவற்றிலும் தலையாய பாடம். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தாத்தா ‘வாடா’ என்றும், பேத்தி ‘கம்’ என்றும், தகப்பனார் சீட்டியடித்தும் அழைத்தால் குட்டி எதையும் கற்காது. வந்தவுடன் ஏதேனும் நன்மை கிடைக்க வேண்டும். அழைத்து வைத்துக்கொண்டு அடிப்பது, அழைத்துச் சங்கிலியில் மாட்டுவது ஆகிய இரண்டையும் செய்தால் ஒரு வாரத்தில் அழைப்பு செத்துவிடும். சுற்றுச்சுவரோ வேலியோ இல்லாத வெட்டவெளியில், சாலைக்கு அருகில், இவ்வினத்தைக் கயிறின்றி அவிழ்த்துவிடலாகாது. முயல் ஒன்று எழுந்தால் எந்த அழைப்பும் காதில் ஏறாது.

நாளொன்றுக்கு இரண்டு வேளை நடையும், வேலியிட்ட தோட்டத்தில் சிறிது நேர ஓட்டமும் தேவை. இரு சக்கர வாகனத்தின் பின்னால் கட்டி ஓட்டுவது சிலருக்குப் பெருமையாக உள்ளது. ஓராண்டு நிறையாத நாயின் எலும்பு நுனிகள் முற்றியிருப்பதில்லை. தார்ச்சாலையில் இழுத்து ஓட்டினால் மூட்டு கெடுவதோடு கோடையில் அடிப்பாதமும் வெந்துபோகும்.

பிள்ளைகளும் குட்டியும்

பால்பற்கள் ஊசிபோல் இருக்கும். நான்காம் மாதம் முதல் அவை விழுந்து, ஆறு ஏழு மாதத்தில் நிலைப்பற்கள் நிறைகின்றன. அதுவரை எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். கையைக் கவ்வினால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடவும். கடிக்கப் பழைய கயிற்று முடிச்சொன்றைக் கொடுக்கவும். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டியைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் நாயையும் பெரியவர் இன்றித் தனியே விடக்கூடாது. உறுமினால் அடிக்க வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, அதனை அடித்து அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். வீட்டு நாயே ஆனாலும் பல் பட்டுக் காயமானால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்ட வேண்டாம்.

வேறு சில கவனங்கள்

பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குச் சென்று வருவோர், மருந்து படிந்த உடையை மாற்றிக் கைகால் கழுவிய பிறகே குட்டியைத் தொட வேண்டும். குட்டி துணியை நக்கும். கால் விரலைச் சப்பும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் அதன் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. தீக்குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டும் நஞ்சே. தீபாவளிக்கு மறுநாள், வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுகளைத் தெருவிலிருந்து பெருக்கி அகற்றிய பிறகே குட்டியை வெளியே விடவும். பூச்சிமருந்து அடித்த பருத்திக் காட்டில் அன்று நாயை விடலாகாது. எலி மருந்து வைத்த வீட்டில் குட்டி எட்டாத இடம் என்று ஒன்று இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

உண்ணி இவ்வட்டாரத்தில் கோடையில் பெருகும். காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் நாய் சோறு தின்னாது, ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரலாம். அப்போது காலம் தாழ்த்தாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லவும். குட்டிகளை விற்கும் நோக்கமில்லாதவர்கள் கருத்தடை அறுவையைப் பற்றி மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யலாம். ஒட்டிய உடல்வாகு கொண்ட இவ்வகை ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் வழக்கத்தைவிட நெடுநேரம் தெளியாமல் இருக்கக்கூடும். ஆதலால் எந்த அறுவைக்கு முன்பும் நாயின் இனத்தையும், அன்று காலை எடுத்த எடையையும் மருத்துவரிடம் தெரிவித்துவிடவும்.